எழுதுகோலும் எஃகும் – 6: பொலோஞ்ஞாக்காரரின் கைகள்

சென்ற வாரம் பிளாரன்ஸ் நகரில், நிக்கோலோ நிக்கோலியின் மேசையருகே நின்றோம். பழைய லத்தீன் ஏடுகளைத் தேடித் தேடிப் படியெடுத்த அந்த மனிதர், 1420-களில் தன் வேகத்துக்குத் தோதாக ஓர் எழுத்தைப் பழக்கிக்கொண்டார். வலப்பக்கமாக லேசாகச் சாய்ந்த எழுத்து. இறகுப் பேனாவை அடிக்கடி தூக்க வேண்டியதில்லை. ஓர் எழுத்தின் வால் அடுத்த எழுத்தின் தோளைத் தொட்டுவிடும். அறிஞர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். போப்பாண்டவரின் அலுவலக எழுத்தர்களும் எடுத்துக்கொண்டார்கள்.

பிறகு அச்சு வந்தது. ஜெர்மனியில் குட்டன்பெர்க் கனத்த கறுப்பெழுத்தை வார்த்தார். 1470-ல் வெனிஸில் நிக்கலஸ் ஜென்சன் நிமிர்ந்து நிற்கும் ரோமன் எழுத்தைச் செதுக்கினார். சாய்ந்த எழுத்து மட்டும் மையிலேயே தங்கிவிட்டது. சுமார் எண்பது ஆண்டுகள் அது கையெழுத்தாகவே வாழ்ந்தது.

அதை உலோகத்துக்குக் கொண்டுவந்தவரின் கதை இந்த வாரம்.

பள்ளி ஆசிரியர் கடை திறக்கிறார்

ஆல்டஸ் மனூஷியஸ் பிறவி வியாபாரி அல்லர். ரோமுக்குத் தெற்கே பசியானோ என்ற சிற்றூரில் பிறந்தவர். லத்தீனும் கிரேக்கமும் கற்றவர். கார்ப்பி நாட்டு இளவரசர்களுக்கு ஆசிரியராக இருந்தவர். நாற்பது வயதை ஒட்டி, 1490 வாக்கில் வெனிஸுக்கு வந்தார். கிரேக்கப் பேரிலக்கியங்களை மூல மொழியிலேயே அச்சிட்டு வைத்துவிட வேண்டும் என்பதுதான் அவருடைய கனவு.

பணம் போட ஆள் கிடைத்தது. ஆந்திரேயா தொரெசானி என்ற அனுபவசாலியான அச்சகக்காரர் பங்காளியானார்; பின்னாளில் அவரே ஆல்டஸுக்கு மாமனாரும் ஆனார். ஆனால் பணம் மட்டும் இருந்தால் எழுத்து பிறந்துவிடாது. எஃகில் எழுத்து வெட்டத் தெரிந்த கை வேண்டும்.

அந்தக் கை பொலோஞ்ஞா நகரத்திலிருந்து வந்தது. பிரான்செஸ்கோ கிரிஃபோ. பொற்கொல்லரின் மகன். ஆல்டஸின் கிரேக்க எழுத்துகளை வெட்டியவர் அவர். 1496-ல் பியெத்ரோ பெம்போ என்ற இளைஞர் எட்னா எரிமலையில் ஏறிய அனுபவத்தைச் சிறு நூலாக ஆல்டஸ் வெளியிட்டார். அந்த நூலுக்குக் கிரிஃபோ வெட்டிக் கொடுத்த ரோமன் எழுத்தைப் போல் தெளிவான எழுத்து அதற்கு முன் அச்சில் வந்ததில்லை என்பது என் எண்ணம். இன்றைய புத்தக எழுத்துருக்களில் பாதிக்கு அதுதான் பாட்டன்.

1499-ல் வெனிஸுக்கும் துருக்கியருக்கும் போர் மூண்டது. வணிகம் ஆட்டம் கண்டது. கிரேக்கம் படிப்பவர்கள் குறைவு. பெரிய பெரிய கிரேக்கத் தொகுதிகளின் விலையோ அதிகம். ஆல்டஸுக்கு வேறொரு வாசகர் தேவைப்பட்டார்.

தந்தையின் நூலகம்

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். இந்தக் கதை திரும்புகிற இடம் ஓர் அச்சகம் அன்று. ஒரு வீட்டு நூலகம்.

பியெத்ரோவின் தந்தை பெர்னார்தோ பெம்போ வெனிஸ் அரசின் தூதர், புத்தகப் பித்தர். அவரிடம் பதுவா நகரத்து எழுத்தர் பார்த்தொலொமியோ சான்வீதோ எழுதிக் கொடுத்த கையெழுத்துப் பிரதிகள் இருந்தன. சான்வீதோ அந்தக் காலத்தின் தலைசிறந்த கையெழுத்துக் கலைஞர்களில் ஒருவர். அவருடைய சாய்ந்த எழுத்தில் வேகமும் உண்டு, கட்டுப்பாடும் உண்டு. ஒவ்வொரு கவிதை வரியின் முதலெழுத்தையும் நிமிர்ந்த தலைப்பெழுத்தாகப் போட்டு, சிறிது இடைவெளி விட்டு, பிறகு சாய்ந்த எழுத்தில் வரியைத் தொடர்வார். பக்கத்தின் இடது ஓரத்தில் அந்தத் தலைப்பெழுத்துகள் மேலிருந்து கீழாகத் தூண்போல் நிற்கும்.

பெர்னார்தோவின் பிரதிகளில் சில, கையில் அடங்கும் அளவு. அந்தக் காலத்தில் கல்வி நூல் என்றால் சாய்மேசையில் வைத்துப் படிக்கிற பெரிய ஏடு. நடுவில் மூலம், அதைச் சுற்றிலும் உரை, உரைக்கு உரை. பெம்போ வீட்டுச் சிறு ஏடுகளில் உரை கிடையாது. கவிதை மட்டும். படிப்பவன் எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போகலாம், பயணத்துக்குப் போகலாம்.

தன் சிறு நூல்களின் வடிவத்தைப் பெர்னார்தோவின் நூலகத்திலிருந்தே எடுத்ததாக ஆல்டஸ் பின்னாளில், 1514-ல், பியெத்ரோவுக்கு எழுதிய சமர்ப்பணத்தில் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்.

வடிவம் அங்கிருந்து வந்தது சரி. எழுத்து யாருடையது? சான்வீதோவின் கையைத்தான் பலர் சொல்கிறார்கள். ரோமில் வாழ்ந்த பொம்போனியோ லேத்தோவின் கை என்பாரும் உண்டு. ஆல்டஸே அப்படித்தான் எழுதினார் என்பாரும் உண்டு. கவிஞர் பெட்ரார்க்கின் கையெழுத்தைப் பார்த்து வெட்டியது என்று ஒரு கதை நெடுங்காலம் புத்தகத்துக்குப் புத்தகம் தாவிக்கொண்டிருந்தது. அது உண்மையன்று. பெட்ரார்க்கின் கவிதைகளைக் கவிஞரின் சொந்தப் பிரதியிலிருந்து அச்சிட்டதாக ஆல்டஸ் அறிவித்தார். அவர் சொன்னது பாடத்தைப் பற்றி. கேட்டவர்கள் எழுத்தைப் பற்றி என்று எடுத்துக்கொண்டார்கள்.

என்னைக் கேட்டால், ஒரே ஒரு முன்மாதிரியைத் தேடுவதே வீண். படித்த ஒரு தலைமுறை முழுவதும் ஏறத்தாழ ஒரே மாதிரி எழுதியது. கிரிஃபோ அந்தத் தலைமுறையின் கையைத்தான் வெட்டினார்.

எஃகில் ஓர் எழுத்து

எப்படி வெட்டினார் என்பதை அருகே போய்ப் பார்ப்போம்.

விரல் நீளத்துக்கு ஓர் எஃகுத் தண்டு. அதன் முனையில்தான் எழுத்து பிறக்க வேண்டும். எழுத்தின் உயரம் சில மில்லிமீட்டர்; அதுவும் இடவலம் மாறிய வடிவம். எழுத்துக்குள்ளே இருக்கும் வெற்றிடத்தை முதலில் உண்டாக்க வேண்டும். அதற்கென்று இன்னொரு சிறு எஃகு முனையைச் செய்து, சுத்தியால் அடித்துப் பள்ளம் இறக்குவார்கள். பிறகு வெளிப்புறத்தை அரத்தால் ராவுவார்கள். கொஞ்சம் ராவியதும் மெழுகுவத்திச் சுடரில் முனையைக் காட்டிக் கரி படியவைத்து, ஈரத் தாளில் ஓர் ஒற்று. கறுப்பாக விழும் அந்த உருவைப் பார்த்துவிட்டு மறுபடி அரம். மறுபடி கரி. மறுபடி தாள். ஒரு இழுப்பு அதிகமாகிவிட்டால் எழுத்து போச்சு. புதுத் தண்டுதான் எடுக்க வேண்டும்.

திருப்தியானதும் தண்டைக் காய்ச்சித் தோய்த்துக் கடினமாக்குவார்கள். இதுதான் பஞ்ச். அதைச் செப்புத் துண்டில் ஓங்கி அடித்தால் எழுத்தின் குழி விழும். அந்தக் குழியை வார்ப்புக் கருவிக்குள் பொருத்தி, உருக்கிய ஈயக் கலவையை ஊற்றினால் ஈய எழுத்து. குழி ஒன்று; எழுத்து ஆயிரக்கணக்கில்.

நிமிர்ந்த எழுத்துக்கு இந்த முறை நன்றாக ஒத்துழைத்தது. சாய்ந்த எழுத்து முரண்டு பிடித்தது. காரணம் எளிமையானது: ஈய எழுத்து நாற்கோணக் கட்டையின் மேல் நிற்கிறது. சாய்ந்த எழுத்தின் தலை ஒரு பக்கம், வால் மறுபக்கம் கட்டையைத் தாண்டி நீளும். நீண்ட முனை அச்சு அழுத்தத்தில் ஒடியும். ஒடியாமலிருக்க எழுத்துகளைத் தள்ளித் தள்ளி வைத்தால், கையெழுத்தின் உயிரான அந்தத் தொடர்ச்சி அறுந்துபோகும்.

கிரிஃபோ மூன்று வழிகளில் இதைச் சமாளித்தார்.

சாய்வைக் குறைத்தார். அவருடைய எழுத்து, பின்னாளில் வந்த சாய்வெழுத்துகளைவிட நிமிர்ந்தே இருக்கிறது. தலைப்பெழுத்துகளைச் சாய்க்கவே இல்லை. சான்வீதோ எழுதியது போலவே நிமிர்ந்து, சற்றுக் குட்டையாக விட்டார். அடிக்கடி ஒட்டி வரும் எழுத்துகளை ஒரே கட்டையில் சேர்த்து வெட்டினார். இத்தகைய கூட்டெழுத்துகள் அறுபதுக்கும் மேல். ஒவ்வொன்றுக்கும் தனி பஞ்ச், தனிக் குழி.

ஈய எழுத்துக் காலத்தில் தமிழ் அச்சகங்களில் வேலை பார்த்தவர்களுக்கு இந்தத் தலைவலி தெரிந்ததுதான். கு, கூ, டு, டூ என்று ஒட்டிய எழுத்து ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வார்த்து, பெட்டியில் தனித்தனி அறை ஒதுக்கியவர்கள் அவர்கள்.

1501, ஏப்ரல்

வெள்ளோட்டம் முந்தைய ஆண்டே நடந்தது. 1500-ல் ஆல்டஸ் அச்சிட்ட சியன்னா நகரத்துப் புனித கத்தரீனாளின் கடிதத் தொகுப்பில் ஒரு மரச்செதுக்குப் படம் உண்டு. புனிதையின் கையில் விரித்த புத்தகம். அந்தப் புத்தகத்தில் சில சொற்கள், சாய்ந்த எழுத்தில். அச்சில் இந்த எழுத்து முதன்முதலில் எட்டிப்பார்த்தது அங்கேதான்.

1501 ஏப்ரலில் வர்ஜில் வெளிவந்தது. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை சாய்ந்த எழுத்து. தாளை மூன்று முறை மடித்து, எட்டு ஏடாக்கிய சிறு நூல். உரை இல்லை, விளக்கம் இல்லை. வரிகளின் முதலெழுத்துகள் இடது ஓரத்தில் தூணாக நிற்க, கவிதை மட்டும்.

இன்று நாம் ஒரு சொல்லை அழுத்திச் சொல்லவோ, நூற்பெயரைக் காட்டவோ சாய்வெழுத்தைப் பயன்படுத்துகிறோம். அன்று அது முழு நூலுக்குமான எழுத்து. படிப்பவருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். தன் கையெழுத்திலேயே, தன் நண்பனின் கையெழுத்திலேயே வர்ஜில். அதே ஆண்டு ஹொரேஸ் வந்தது, பெட்ரார்க் வந்தது, மார்ஷியல் வந்தது. அடுத்த ஆண்டு தாந்தே.

இடத்தை மிச்சம் பிடிக்கவே சாய்வெழுத்தை உருவாக்கினார்கள் என்று அச்சு வரலாறுகளில் அடிக்கடி படிக்கிறோம். அந்த விளக்கம் எனக்கு ஒப்பவில்லை. நன்றாக வெட்டிய சிறிய ரோமன் எழுத்தும் ஏறத்தாழ அதே இடத்தில் அடங்கியிருக்கும். ஆல்டஸ் விற்றது நெருக்கம். அறிஞரின் மேசையில் மட்டுமே கிடைத்த ஒன்றை அவர் சட்டைப் பைக்குக் கொண்டுவந்தார்.

அந்த வர்ஜிலில் ஆல்டஸ் இன்னொன்றும் செய்தார். எழுத்துச் செதுக்கியவருக்கு மூன்றே வரிகளில் ஒரு வாழ்த்துக் கவிதை. பொலோஞ்ஞாவின் பிரான்செஸ்கோவை, கிரேக்கப் புராணத்தின் மாபெரும் கைவினைஞன் தீதலசுக்கு நிகராக அதில் புகழ்ந்தார். அந்தக் காலத்தில் எழுத்து வெட்டியவரின் பெயர் நூலில் அச்சேறுவது அபூர்வம்.

அந்த மூன்று வரிகளோடு நின்றிருந்தால் இந்த அத்தியாயம் இங்கே முடிந்திருக்கும்.

முத்திரையும் பூட்டும்

ஆல்டஸுக்குத் தன் கையில் இருப்பது என்ன என்று தெரிந்திருந்தது. வர்ஜில் வெளிவருவதற்கு முன்பே, 1501 மார்ச்சில், சாய்வெழுத்துக்கு வெனிஸ் அரசிடம் பத்து ஆண்டுத் தனியுரிமை வாங்கிவிட்டார். 1502 நவம்பரில் செனட் சபையே அதை உறுதிசெய்தது. பிறகு போப்பாண்டவரின் ஆணையும் கிடைத்தது. ஒரு நூலுக்கு உரிமை கேட்பது வழக்கம். ஓர் எழுத்தின் வடிவத்துக்கே உரிமை கேட்டது புதிது.

பிரான்சில் லியோன் நகரத்து அச்சகக்காரர்களுக்கு வெனிஸின் ஆணை செல்லுமா? அவர்கள் அதே எழுத்தைப் போலவே வெட்டி, அதே அளவில், அதே நூல்களை அடித்து இறக்கினார்கள். அச்சகத்தின் பெயர் கிடையாது, தேதி கிடையாது. 1503 மார்ச் 16-ஆம் தேதி ஆல்டஸ் கோபத்தோடு ஓர் எச்சரிக்கைத் தாள் வெளியிட்டார். போலி நூல்களை எப்படி அடையாளம் காண்பது? தாள் மட்டம், நாற்றம் வேறு. எழுத்துகள் சேராமல் தனித்தனியாக நிற்கின்றன. இதோ இந்த இந்த இடத்தில் இந்த இந்தப் பிழைகள் என்று பட்டியல் போட்டார்.

லியோன்காரர்கள் அந்தத் தாளை வாங்கிப் பார்த்து, பட்டியலில் இருந்த பிழைகளைத் திருத்தி, மறுபடி அடித்தார்கள்.

இந்தச் சண்டையைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். ஆனால் பூட்டு விழுந்தது வெளியூர்க்காரர்களின் கையில் மட்டும் அன்று. தனியுரிமை ஆல்டஸின் பெயரில் இருந்தது. எழுத்தை வெட்டியவர் கிரிஃபோ. எழுத்துச் செதுக்குபவரின் பிழைப்பே, தன் வேலையைப் பல அச்சகங்களுக்கு விற்பதில்தான் இருக்கிறது. வெனிஸ் ஆட்சிக்குட்பட்ட இடத்தில், தான் கண்டுபிடித்த எழுத்தை இன்னொருவருக்கு வெட்டிக் கொடுக்கக் கிரிஃபோவுக்கே வழியில்லாமல் போயிற்று.

அவர் கிளம்பிவிட்டார்.

ஃபானோவிலிருந்து ஒரு குரல்

ஆத்ரியாட்டிக் கரையில், வெனிஸுக்குத் தெற்கே, அதன் ஆட்சிக்கு வெளியே ஃபானோ. அங்கே கெர்ஷோம் சொன்சினோ என்ற யூத அச்சகக்காரர் இருந்தார். எபிரேய நூல் அச்சில் புகழ்பெற்ற குடும்பம். கிரிஃபோ அவருக்கு எபிரேய எழுத்து வெட்டினார், ரோமன் வெட்டினார், புதிதாக ஒரு சாய்வெழுத்தும் வெட்டினார்.

1503 ஜூலையில் அந்தப் புது எழுத்தில் பெட்ரார்க் வந்தது. நூலை யாருக்குச் சமர்ப்பித்தார்கள் தெரியுமா? போப்பாண்டவரின் மகன், அந்தப் பகுதியையே தன் வாளால் வளைத்துவைத்திருந்த சேசரே போர்ஜியாவுக்கு. அந்தச் சமர்ப்பணத்தில் சொன்சினோ ஒளிவுமறைவின்றிச் சொன்னார்: இந்தச் சாய்ந்த எழுத்தைக் கண்டுபிடித்தவர் பொலோஞ்ஞாவின் பிரான்செஸ்கோ. ஆல்டஸ் அல்லர். ஆல்டஸ் இதுவரை அச்சிட்ட எழுத்துகள் எல்லாவற்றையும் வெட்டியவரும் இவரே.

கிரிஃபோவுக்காக ஒருவர் அச்சில் எழுப்பிய குரல் அது. வலுவான புரவலரின் நிழலில் எழுந்த குரல். ஆனால் அடுத்த மாதமே போப்பாண்டவர் ஆறாம் அலெக்சாந்தர் இறந்தார். மகன் சேசரேயின் அதிகாரம் சரிந்தது. ஆல்டஸின் அச்சக முத்திரையான நங்கூரமும் ஓங்கிலும் பொறித்த நூல்களோ ஐரோப்பா முழுவதும் போய்க்கொண்டே இருந்தன.

1515 பிப்ரவரியில் ஆல்டஸ் இறந்தார்.

1516

கிரிஃபோ அதற்குள் சொந்த ஊருக்குத் திரும்பியிருந்தார். இதுவரை மற்றவர்களுக்கு எழுத்து வெட்டிக் கொடுத்தவர் இப்போது தானே பதிப்பாளர் ஆனார். உள்ளங்கையில் மறைந்துவிடும் அளவுக்குச் சிறிய நூல்கள். அதற்கேற்ற மிகச் சிறிய சாய்வெழுத்து, புதிதாக வெட்டியது. 1516-ல் வெளிவந்த அவருடைய பெட்ரார்க்கின் முன்னுரையில்தான் கிரிஃபோவின் குரலை நேரடியாகக் கேட்கிறோம். ஆல்டஸுக்கு எழுத்து வெட்டிக் கொடுத்தது நான். அவர் அதனால் செல்வமும் அடைந்தார், அழியாப் பெயரும் அடைந்தார் என்கிறார். பதினைந்து ஆண்டுக் காயம் அந்த வரிகளில் ஆறாமல் கிடக்கிறது.

அந்த ஆண்டிலேயே அது நடந்தது.

மருமகனுடன் தகராறு. மகளை மணந்த கிறிஸ்தோஃபரோ. சண்டை முற்றியது. கிரிஃபோவின் கையில் இரும்புத் தடி. மருமகன் அடிபட்டு இறந்தார். கொலைக் குற்றச்சாட்டில் கிரிஃபோவின் பெயர் பொலோஞ்ஞா ஆவணங்களில் ஏறியது.

சிலர் அந்தத் தடியைப் பஞ்ச் வெட்டும் எஃகுத் தண்டாகவே ஆக்கிக் கதை சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு மனிதரின் உயிர் போன இடத்தில் அலங்காரம் வேண்டாம். தவிர, கடுகளவு தவறினாலும் வீணாகிவிடும் வேலையை வாழ்நாளெல்லாம் பொறுமையாகச் செய்தவர் அவர். அந்தக் கையா இதைச் செய்தது என்ற அதிர்ச்சி, எந்த அலங்காரமும் இல்லாமலேயே நெஞ்சில் இறங்குகிறது.

அதற்குப் பிறகு கிரிஃபோவின் தடம் விரைவிலேயே மறைகிறது.

மறந்துபோன பெயர்

அவர் மறைந்தார், பெயரும் மறைந்தது. 1858-ல் பிரிட்டிஷ் மியூசிய நூலகத்தின் தலைவர், இத்தாலியரான அந்தோனியோ பனிட்ஸி, பொலோஞ்ஞாவின் பிரான்செஸ்கோ யார் என்ற கேள்வியையே தலைப்பாக வைத்து ஒரு சிறு நூல் எழுதினார். அவர் கண்ட விடை: அது புகழ்பெற்ற ஓவியர் பிரான்செஸ்கோ பிரான்ச்சா. அவரும் பொலோஞ்ஞாக்காரர், அவரும் பொற்கொல்லர் தொழில் பழகியவர், ஏறத்தாழ அதே காலம். இத்தனை அழகான எழுத்தை வெட்டியவர் பேரோவியராகத்தானே இருக்க முடியும்! பின்வந்த ஆய்வாளர்கள் ஆவணங்களைத் தோண்டி எடுத்த பிறகுதான் கிரிஃபோ என்ற குடும்பப் பெயர் வெளிச்சத்துக்கு வந்தது.

பெம்போவின் எரிமலை நூலுக்கு அவர் வெட்டிய ரோமன் எழுத்தை மோனோடைப் நிறுவனம் 1929-ல் மீட்டெடுத்து, நூலாசிரியரின் பெயரையே சூட்டியது: பெம்போ. 1985-ல் கணினிப் பக்க வடிவமைப்புக்கு வழி திறந்த பேஜ்மேக்கர் மென்பொருளை உருவாக்கிய நிறுவனத்தின் பெயர் ஆல்டஸ். நம் ஊர் டிடிபி கடைகளில் பேஜ்மேக்கர் திறக்காத நாள் இருந்ததா? தமிழ் இதழ்கள் எத்தனையோ அதில் பக்கம் கட்டின. சாய்வெழுத்துக்கு ஒரு பொத்தான், ஒரு சொடுக்கு. கிரிஃபோ என்ற பெயரில் எழுத்துரு ஒன்று வந்தது; வெரோனாவில் கைப்பட அச்சிட்ட ஜொவான்னி மார்தர்ஸ்டைக் அதைச் செய்வித்தார். அச்சுக்கலையை நேசிப்பவர்களைத் தாண்டி அது போகவில்லை.

கொலைக் குற்றத்துக்கு அன்று தண்டனை மரணம். கிரிஃபோ தூக்கு மேடை ஏறினாரா, இரவோடு இரவாக நகரை விட்டு வெளியேறினாரா?

அவர் காணாமல் போய்ச் சில ஆண்டுகளுக்குள், ரோமில் போப்பாண்டவரின் எழுத்தர் ஒருவர் பேனாவைக் கீழே வைக்கிறார். லுதொவிக்கோ தெல்யி அர்ரிகி. சாய்ந்த எழுத்தை எப்படி எழுதுவது என்று ஊருக்கே கற்றுக்கொடுக்க 1522-ல் ஒரு சிறு நூல் வெளியிட்டவர். அவருக்கு ஆல்டஸின் எழுத்தில் திருப்தியில்லை. தன் சொந்தக் கையெழுத்தையே உலோகத்தில் வார்க்கத் துணிகிறார். எஃகு வெட்ட அவர் கூட்டிக்கொண்டதோ முத்திரை செதுக்கும் பொற்கொல்லர் ஒருவரை.

1527-ல் பேரரசரின் படை ரோமுக்குள் புகுந்து சூறையாடும் வரை அவர்களுக்கு இருந்தது மூன்றே ஆண்டு. பேனா பிடித்த கை, வெட்டும் கையை நம்பி ஒப்படைத்ததா? அல்லது வெனிஸில் நடந்ததே ரோமிலும் நடந்ததா?

(தொடரும்)